நாற்பதுக்கு மேல் வாய்ப்பாட்டு: காது மாறியது, ஞாபகமறதி அப்படியே இருக்கிறது

பாட்டு கற்றால் மூளை கூர்மையாகுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நாற்பதைத் தாண்டி கர்நாடக வாய்ப்பாட்டில் சேர்ந்து, சில வருஷங்களில் தொடக்கப் பாடமான சரளி வரிசையிலிருந்து, கீர்த்தனைகளுக்கு முன் கற்கும் வர்ணம் வரை வந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

காது நிச்சயம் மாறியது. மாயாமாளவகௌளை ராகத்தில் ஜண்டை வரிசையை (ஸ்வரங்களை இரட்டிப்பாகப் பாடும் பயிற்சி) மூன்று வேகத்திலும் பாடுவது கொட்டாவி வரவழைக்கும்தான், ஆனால் பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கும் சுருதியைப் போட்டுக்கொண்டு நம் ஸட்ஜம் ('ஸ' ஸ்வரம்) அதில் ஒட்டுகிறதா விலகுகிறதா என்று தினமும் கவனிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. சங்கராபரண ராகத்துக்கும் கல்யாணி ராகத்துக்கும் மத்தியமம் ('ம' ஸ்வரம்) ஒன்றுதான் வித்தியாசம் என்பதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன், இப்போது பாடும்போதே காதில் விழுகிறது. சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் தனியாகக் கேட்கிறது.

இரைச்சலான ஹோட்டலில் எதிரே இருப்பவர் பேச்சைப் பிடிப்பதும் சுலபமான மாதிரி இருக்கிறது, என் ஆசையும் அதில் கலந்திருக்கலாம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நீனா கிராஸ் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதில் இசைக்கலைஞர்கள் முந்தியிருந்தார்கள். நல்ல காது இருப்பவர்கள்தான் இசைப் பக்கம் போகிறார்களோ என்ற சந்தேகத்துக்கு அந்த மாதிரி ஒப்பீடு பதில் சொல்லாது.

மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை. கை எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போட, பாட்டைத் தாளத்தின் தொடக்கத்தில் அல்லாமல் அரை இடம் தள்ளி எடுக்க, வகுப்பு முடிவதற்குள் தலை களைத்துவிடும். அந்தப் பயிற்சியெல்லாம் ஆபீஸ் வேலைக்கு உதவியதாகத் தெரியவில்லை. நீளமான கீர்த்தனை மனப்பாடம் ஆகிறது, மளிகை லிஸ்ட் ஆவதில்லை. குழந்தைகளுக்கு இசைப் பயிற்சி கொடுத்து நடந்த ஆய்வுகளை சாலா, கோபே என்ற ஆய்வாளர்கள் 2020-இல் தொகுத்துப் பார்த்தபோதும், ஒழுங்காக ஒப்பிட்ட ஆய்வுகளில் படிப்புக்கும் பொது அறிவுத்திறனுக்கும் கிடைத்த பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். மோட்சார்ட் கேட்டால் அறிவு வளரும் என்ற கதையை விட்டுவிடுங்கள், 1993-இல் வந்த அந்த ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது, விளைவு கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை.

ஒரு தொல்லையும் உண்டு. பாட்டு ஓடினால் கை தானாகத் தாளம் போடுகிறது, வேலை ஓடுவதில்லை. கல்யாண மண்டபத்தில் சுருதி விலகினால் சாப்பாடும் இறங்காது.

சேர்வதானால் நேர் வகுப்பாகப் பாருங்கள். ஆன்லைனில் குரல் தாமதமாக வருவதால் ஆசிரியரோடு சேர்ந்து பாட முடியாது. சுருதிக்கு போன் செயலியே போதும், ஆனால் போன் ஸ்பீக்கரில் கீழ் ஸட்ஜம் சரியாகக் கேட்காது, சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.