மனச்சோர்வுச் சிகிச்சை: தனியார் மருத்துவரா, அரசாங்க கிளினிக்கா?

அம்மாவின் மனச்சோர்வுக்கு மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் சில காலம் காட்டிவிட்டு, இப்போது வீட்டருகே உள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் சிகிச்சையைத் தொடர்கிறோம். கட்டணத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அரசாங்கத்தில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). காத்திருக்கும் நேரத்தில் தனியாரே மேல். இரண்டு இடத்திலும் கொடுத்தது செர்ட்ராலின் மாத்திரைதான். ஆகவே எங்கள் முடிவைத் தீர்மானித்தது பின்தொடர் கவனிப்பு ஒன்றே.

தனியார் மருத்துவர் கனிவானவர். ஆனாலும் “எப்படி இருக்கிறீர்கள் அம்மா?” என்று அவர் கேட்பதும், “பரவாயில்லை டாக்டர்” என்று அம்மா சொல்வதும், அதே அளவு மாத்திரை மீண்டும் எழுதப்படுவதுமாகவே சந்திப்புகள் கழிந்தன. சுகாதார கிளினிக்கிலோ, மருத்துவரைப் பார்க்கும் முன்பே தாதி, மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார். கடந்த இரண்டு வாரத் தூக்கம், பசி, சோர்வு என ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; கூடக் கூட நோய் கடுமை என்று பொருள். வாயால் பரவாயில்லை என்ற அதே அம்மா, தூக்கமின்மைக்கு நேரே ‘ஏறத்தாழ தினமும்’ என்ற கட்டத்தில் கோடிட்டார். தாதி கூட்டி அட்டையின் ஓரத்தில் எழுதிய எண் 27-க்கு 16. அதைப் பார்த்த பிறகே மருந்தின் அளவு கூட்டப்பட்டது.

ஆய்வுகளில் நோயாளிக்குக் கிடைத்து, அன்றாடச் சிகிச்சையில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இந்த அளவீடுதான். 2006-இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் ஸ்டார்-டி என்ற மனச்சோர்வுச் சிகிச்சை ஆய்வில் சந்திப்புதோறும் அறிகுறிகளை அளந்தே மருந்தைக் கூட்டினார்கள். அப்போதும் முதல் மருந்திலேயே முழுமையாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. அளக்காத இடத்தில், மற்றவர்கள் தேறவில்லை என்பதே தெரியாமல் போய்விடும். பெய்ஜிங்கில் மனச்சோர்வுள்ள 120 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில் இரு பிரிவினருக்கும் அதே இரண்டு மருந்துகளில் ஒன்றுதான் தரப்பட்டது. மதிப்பெண்ணைப் பார்த்து மருந்தளவை முடிவு செய்த பிரிவில் 24 வாரங்களில் 73.8 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பில் 28.8 விழுக்காட்டினரும் முழுமையாகத் தேறினர். சிறிய ஆய்வுதான் என்றாலும், மருந்து மாறாமலே வந்த இவ்வளவு பெரிய வேறுபாட்டை என்னால் ஒதுக்க முடியவில்லை.

பேச்சுவழிச் சிகிச்சையைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை. தமிழில் மனம்விட்டுப் பேச உளவியலாளர் வேண்டுமென்றால் தனியாரில் தேடுவது எளிதாக இருக்கலாம். எங்கள் கிளினிக்கில் மருத்துவர்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்ற குறையும் உண்டு; ஆனால் அட்டையில் எண்கள் வரிசையாக இருப்பதால், புதியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தனியாரையே தொடர நினைப்பவர்கள் அதே படிவத்தை வீட்டில் நிரப்பி, தேதியிட்டு மருத்துவரிடம் கொடுக்கலாம். இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 0 அல்லாத எந்த எண் வந்தாலும், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.