பலாலி டிக்கெட்டும் பறக்கும் வரிகளும்: எது எங்களை எவ்வளவு கடிக்கும்?

லண்டனில் இருக்கும் அண்ணா 2025 நல்லூர்த் திருவிழாவுக்கு வர டிக்கெட் எடுத்த கையோடு கோல் எடுத்துப் புலம்பினார். அவருக்கும் அண்ணிக்கும் பயண வரி மட்டும் ஆளுக்கு 90 பவுண். பிள்ளைகள் 16 வயதுக்குக் கீழே என்பதால் தப்பிவிட்டார்கள். "காலநிலைக்காம்" என்றார். சரி, இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்த வரி 1994இல் அரசாங்கத்துக்குக் காசு சேர்க்கத்தான் வந்தது, காலநிலை என்ற நியாயம் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் கதைக்குப் பிறகு, விமானப் புகையைக் குறைக்க ஒவ்வொரு நாடும் என்ன செய்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கேள்வி ஒன்றுதான்: இதே விதி இங்கே வந்தால் எங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் என்னாகும்?

முதலில் எங்கள் பூகோளம். பலாலியிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீற்றர். பலாலி இல்லாவிட்டால் இரவு வான் வண்டி பிடித்து, ஏழெட்டு மணி நேரம் தெற்கே கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை ஓடி, அங்கே விமானம் ஏறி வந்த வழியே வடக்கே திரும்பி 600 கிலோமீற்றருக்கு மேல் பறக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக ஒருமுறை அப்படிப் போனோம். போய்ச் சேர்ந்தபோது அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. புகைக் கணக்கில் பார்த்தாலும் அந்தப் பயணம்தான் மோசம்: வானின் டீசல் வேறு, கூடுதல் வான்தூரம் வேறு. ஆக, பலாலி விமானத்தை நிறுத்தும் எந்தக் காலநிலை விதியும் புகையைக் குறைக்காது, கூட்டும்.

இப்போது அண்ணா கட்டிய அந்தப் பிரித்தானிய வகைத் தலைவரி. தூரத்தைப் பார்த்து அடுக்கு வைக்கிறார்கள், அந்தத் தூரத்தையும் லண்டனிலிருந்து அந்தந்த நாட்டின் தலைநகர் வரைக்கும்தான் அளக்கிறார்கள். நீங்கள் போவது பருத்தித்துறைக்கென்றாலும் கணக்குக் கொழும்புக்குத்தான். (இதிலுமா என்று சிரிப்பு வந்தது.) எனக்குள்ள பயம் வேறு. லண்டன்–டுபாய் வழியில் நூற்றுக்கு ஐந்து பேர் குறைந்தால் யாருக்கும் தெரியாது. பலாலிக்கு வருவது எழுபது சொச்சம் இருக்கையுள்ள ஏரிஆர் விமானம். அதில் பத்துப் பேர் குறைந்தால் அடுத்த அட்டவணையில் அந்த நாளே காணாமல் போய்விடும், நாள் குறைந்தால் வசதி குறையும், வசதி குறைந்தால் இன்னும் பத்துப் பேர் கட்டுநாயக்காவுக்குப் போவார்கள். நின்றது திரும்புவதும் லேசில்லை: 2019 நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாவோடு நின்று, மறுபடி வர 2022 டிசம்பர் ஆனது. தலைக்கு இவ்வளவு என்று ஆள் நிறைந்த வழிக்கும் ஆள் குறைந்த வழிக்கும் ஒரே மாதிரி அடிக்கும் வரிதான் எனக்குப் பட்டியலில் கடைசி.

பிரித்தானியாவுக்கே இது தெரியும். ஸ்கொட்லாந்தின் வடக்கு மேட்டுநிலத்திலும் தீவுகளிலும் உள்ள விமான நிலையங்களிலிருந்து புறப்படுபவர்களுக்கு அந்த வரி இல்லை. ஆனால் விலக்கு புறப்படுவதற்கு மட்டும்தான், எடின்பரோவிலிருந்து தீவுக்குத் திரும்பி வரும்போது கட்டத்தான் வேண்டும். பாதி மன்னிப்பு.

பிரான்சின் வழியைக் கேட்டால் எங்கள் ஆட்கள் பதறுவார்கள்: இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய இடத்துக்கு உள்நாட்டு விமானம் கூடாது. 2023 மேயில் நடைமுறைக்கு வந்தது. பாரிஸின் ஓர்லியிலிருந்து லியோன், நான்ட், போர்தோ ஆகிய மூன்று வழிகள் மட்டுமே அடிபட்டன. தடை என்ற சொல் கடுமையாக இருந்தாலும், எங்களுக்கு இருப்பதிலேயே மென்மையான விதி இதுதான் என்பேன், ஏனென்றால் மாற்றுவழி இருக்கிறதா என்று முதலில் கேட்கிறது. பாரிஸ்–லியோன் தூரமும் கொழும்பு–யாழ்ப்பாணம் தூரமும் ஏறத்தாழ ஒன்றுதான், தண்டவாளத்தில் 400 கிலோமீற்றர் அளவில். அங்கே இரண்டு மணி நேரம். இங்கே நல்ல நாளில் நல்ல கோச்சி கிடைத்தாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல். அதுவும் 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வர 2014 ஒக்டோபர் வரை காத்திருந்த ஊர் இது. மூன்று மணி நேரத்தில் கொழும்புக் கோட்டைக்குக் கொண்டுபோய் விடும் ரயிலைப் போடுங்கள், கொழும்பின் இரத்மலானைக்கு உள்நாட்டு விமானமே வேண்டாம் என்று நானே கையெழுத்து வைக்கிறேன்.

சென்னைக்கோ திருச்சிக்கோ ரயில் கிடையாது. காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் இருக்கிறது, நாலு மணி நேரம், ஆனால் மாரிக் கடலை நம்பி ஆஸ்பத்திரி நாள் குறிக்க முடியாது.

இன்னொன்று, குறுந்தூர விமானத்தைத் தடுத்து எவ்வளவு மிச்சம்? ஐரோப்பாவில் 500 கிலோமீற்றருக்கு உட்பட்ட பறப்புகள் எண்ணிக்கையில் கிட்டத்தட்டக் கால்வாசி, புகையில் நூற்றுக்கு நாலு அளவுதான். 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்டவை எண்ணிக்கையில் ஆறு வீதம், புகையில் பாதி. அண்ணாவின் லண்டன் பயணம்தான் உண்மையான சுமை, அம்மாவின் சென்னைப் பயணம் தூசு. கசப்பாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான்.

எரிபொருள் விதி அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. 2025 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் 2 வீதம் மாற்று எரிபொருள் கலக்க வேண்டும், 2030இல் ஒன்றியத்தில் 6, பிரித்தானியாவில் 10. இந்தியா சர்வதேசப் பறப்புகளுக்கு 2027இல் 1 வீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது, பெரிய நாட்டின் சின்னப் பக்கத்து வீட்டுப் பறப்பான பலாலியும் அந்தச் 'சர்வதேச' வகைக்குள் வந்துவிடும். அந்த எரிபொருள் பலமடங்கு விலை என்றாலும், எரித்த அளவுக்குத்தான் செலவு. ஏரிஆர் போன்ற புரொப்பல்லர் விமானம் குறைவாகவே குடிக்கும், ஆகவே எங்கள் டிக்கெட்டில் சின்னக் கிள்ளல்தான். லண்டன் டிக்கெட்டில் கொஞ்சம் அதிகம். நியாயம்.

அடிக்கடி பறப்பவருக்கு ஏறிக்கொண்டே போகும் வரி என்ற யோசனையைப் பலர் புகழ்கிறார்கள். உலக மக்களில் ஒரு வீதத்தினர்தான் பயணிகள் விமானப் புகையில் பாதிக்குக் காரணம் என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது, அதை வைத்துப் பார்த்தால் சரிதான், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் அண்ணா ஒன்றும் கட்ட வேண்டியிருக்காது. ஆனால் இங்கே அடிக்கடி பறப்பவர் யார்? புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னை போய்வருபவர். சேலையும் சாமானும் தூக்கும் குருவிகள். தடவையை எண்ணாமல் தூரத்தை எண்ணினால் ஒத்துக்கொள்வேன்.

ஐக்கிய நாடுகளின் விமான அமைப்பு கொண்டுவந்த ஈடுசெய்யும் திட்டம் 2027இல் கட்டாயமாகிறது. விமான நிறுவனம் எங்கோ மரத்துக்கோ அடுப்புக்கோ காசு கட்டும். பலாலிக்கு நல்லதுமில்லை கெட்டதுமில்லை.

எனக்குப் பிடித்தது காலநிலைத் திட்டமே அல்லாத ஒன்று: இந்தியாவின் உடான். பெரிய நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களிடம் ஒரு சின்னக் கட்டணம் வாங்கி, ஆள் குறைந்த சிற்றூர் வழிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஸ்பெயின் இன்னும் நேராக, கனேரித் தீவுக்காரருக்கு உள்நாட்டு டிக்கெட்டில் 75 வீதம் கழிக்கிறது. பணக்கார நாட்டு விளையாட்டு அது, எங்களால் முடியாது. உடான் மாதிரியோடு எரிபொருள் விதியையும் சேர்த்தால் புகைக்கும் ஒரு விலை இருக்கும், பலாலியும் பிழைக்கும். ஒரு சிக்கல்: இங்கே அந்தக் கட்டணத்தைக் கட்டுநாயக்காவில் ஏறுபவர்களிடம்தான் வாங்க வேண்டியிருக்கும், அந்த வரிசையில் இரவு முழுக்க வான் வண்டியில் தூங்கி வழிந்து வந்த எங்கள் ஆட்களும் நிற்பார்கள்.