முடிச்சூரிலிருந்து சேலையூர்ப் பள்ளிகளுக்கு: தனியார் வேன் சேவை, ஒரு மதிப்பீடு

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர்ச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளிலிருந்து கிழக்கே சேலையூர், கேம்ப் ரோடு பக்கமுள்ள பள்ளிகளுக்குக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் தனியார் வேன் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. இது பள்ளி நடத்தும் பேருந்து அன்று; பெற்றோர் நேரடியாக வேன்காரரிடம் பேசி, மாதந்தோறும் பணம் கொடுத்து அமர்த்திக்கொள்ளும் சேவை. வண்டியின் உரிமையாளரே ஓட்டுநரும் ஆவார். அவர் பெயரையும் வண்டி எண்ணையும் இங்கே தரவில்லை. இதே முறையில் ஓடும் வண்டிகள் இப்பகுதியில் பல இருப்பதால், கீழே சொல்லப்படுவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

கட்டணம் மாதம் 1,800 ரூபாய். மே மாதத்துக்குப் பாதிக் கட்டணம் கொடுக்க வேண்டும். வண்டி ஓடாத மாதத்துக்கு எதற்கு என்று ஆண்டுதோறும் யாரேனும் கேட்பதும், அந்த மாதத்தில்தான் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை, டயர், இன்சூரன்ஸ் எல்லாம் வருகிறது என்று அவர் விளக்குவதும் வழக்கமாகிவிட்டன. அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். பள்ளிப் பேருந்துக்கு இதைவிடக் கூடுதலாகச் செலவாகும் என்பதோடு, அது பிரதான சாலையில் மட்டுமே நிற்கும். வேன் தெருவுக்குள் வந்து வாசலில் ஏற்றிக்கொள்கிறது. இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளுக்கு இந்த ஒன்றே போதுமான காரணமாகிவிடுகிறது.

ஓட்டுநரைப் பற்றிக் குறை சொல்வதற்கு ஏதுமில்லை. குழந்தைகள் 'வேன் அண்ணா' என்று அழைக்கும் அவர் ஓட்டும்போது கைபேசியைத் தொடுவதில்லை. அழைத்தால் எடுக்க மாட்டார், வண்டியை நிறுத்திய பிறகே திரும்ப அழைப்பார். மாலையில் வீட்டில் ஆள் இல்லையென்றால் குழந்தையை இறக்கிவிடாமல், சுற்று முடிந்ததும் மீண்டும் கொண்டுவந்து ஒப்படைக்கிறார். தாம்பரம் மேம்பாலத்தில் நெரிசல் என்றால் வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே செய்தி வந்துவிடுகிறது.

குறை வண்டிக்குள் இருக்கிறது. ஓட்டுநர் நீங்கலாகப் பன்னிரண்டு பேர் அமரலாம் என்று அனுமதி பெற்ற வேன் இது. காலையில் கடைசி நிறுத்தத்தைக் கடக்கும்போது உள்ளே இருபது குழந்தைகள் இருப்பார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் இருக்கைக் கணக்கில் ஒன்றரை மடங்கு வரை ஏற்றலாம் என்று பல மாநிலங்களில் வழங்கும் கணக்கைத்தான் அவரும் சொல்கிறார். அந்தக் கணக்கின்படியும் பதினெட்டுதான் வருகிறது. அதிலும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முழு ஆளாகவே கொள்ள வேண்டும். மிஞ்சுகிறவர்களுக்காக நடைவழியில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் போடப்பட்டிருக்கின்றன. தரையோடு பொருத்தப்படாத அவை, பிரேக் அழுத்திய கணத்தில் குழந்தையோடு சேர்ந்து முன்னே போகும். இருக்கை வார் எதிலும் இல்லை. புத்தகப் பைகள் கதவருகே குவிந்து கிடப்பதால், அவசரத்தில் இறங்குவதற்கான ஒரே வழியும் பாதி அடைபட்டிருக்கிறது.

இதற்குச் சட்டம் விதிக்கும் அபராதத்தைப் பார்த்தால், குறை ஏன் தீரவில்லை என்பது விளங்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஏ பிரிவு, அனுமதிக்கு மேல் ஏற்றப்படும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது. கூடுதலாக ஏறும் ஒரு குழந்தையால் மாதம் 1,800 ரூபாய் வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை பிடிபட்டாலும் அவருக்கு நட்டமில்லை. நட்டம் பெற்றோருக்குத்தான். விபத்து நேர்ந்தால், அனுமதிக்கப்பட்ட பயணிகளின் எண்ணிக்கை அளவுக்கே காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மீதியை வண்டி உரிமையாளரிடமிருந்து பெற வேண்டும். ஒரு வேனையே பிழைப்பாகக் கொண்டவரிடம் அதைப் பெறுவது எப்படி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் இந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதியபோது கட்டை விரல் அடையாளங்கள் மட்டுமே பதிலாக வந்தன.

இந்த ஊரில் இவற்றைப் பேசுவதற்குத் தனிப் பொருள் உண்டு. 2012 ஜூலையில் முடிச்சூர்ச் சாலையில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து, சேலையூர்ப் பள்ளி ஒன்றின் இரண்டாம் வகுப்புச் சிறுமி உயிரிழந்தாள். அந்தப் பேருந்து தனியார் ஒருவருக்குச் சொந்தமானது. அதற்குத் தகுதிச் சான்று வழங்கி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது; அதைத் தொடர்ந்தே தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளை வகுத்தது. 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே பின்னோக்கி எடுக்கப்பட்ட வேன் மோதி ஏழு வயதுச் சிறுவன் இறந்த பின், முன்னும் பின்னும் கேமராவும், பின்புறம் ஆள் இருப்பதை உணர்த்தும் சென்சாரும் பொருத்த வேண்டும் என்று அந்த விதிகள் திருத்தப்பட்டன. ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தில், பள்ளிகள் திறப்பதற்கு முன், போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறைகளின் அலுவலர்கள் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். தளம், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். குறை கண்டால் வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

நாம் அமர்த்தியிருக்கும் வேன் அந்த மைதானத்துக்குப் போவதில்லை. அது பள்ளியின் பெயரில் பதிவான வண்டியில்லை. மஞ்சள் பலகையும் பர்மிட்டும் கொண்ட மேக்சி கேப், அதாவது வாடகைக்கு ஓடும் சிறு வேன். எஃப்.சி. எடுக்கிறார்கள், ஆனால் அது சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வண்டிக்கும் பொதுவான சோதனை. குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்யப்படுவது அன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பள்ளிப் பேருந்தாகப் பதிவான வண்டியின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கருவி பொருத்த வேண்டும். மேக்சி கேபுக்கு அந்த வரம்பு 80. எட்டுப் பயணிகள் வரை ஏற்றும் ஆம்னி, ஈக்கோ போன்ற சிறிய வண்டிகளுக்கு அந்தக் கருவியே கட்டாயமில்லை. ஒரே பள்ளிக்கு, ஒரே சாலையில், ஒரே வயதுப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மூன்று வண்டிகளுக்கு மூன்று அளவுகோல்கள். பள்ளியிடம் கேட்டால், வேன் பெற்றோரின் சொந்த ஏற்பாடு என்று நுழைவாயிலோடு பொறுப்பை முடித்துக்கொள்கிறார்கள்.

ஆயா இல்லாதது இந்தச் சேவையின் அடுத்த பெருங்குறை. பள்ளிப் பேருந்தில் கதவைத் திறந்து, கைபிடித்து இறக்கி, சாலையைக் கடத்திவிட ஒருவர் இருக்கிறார். இங்கே அந்த வேலையை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்கிறாள். பொறுப்பான பெண்தான், ஆனாலும் அவளும் குழந்தையே, தேர்வு நாளில் அவள் வராவிட்டால் கதவருகே அமர்ந்திருப்பவர் யாரோ அவர் திறக்கிறார். வளசரவாக்கத்தில் நேர்ந்தது போன்ற விபத்தைத் தடுக்கக் கேமராவும் சென்சாரும் துணை செய்யும் என்பது உண்மைதான். எனினும், எல்லாரும் வண்டியை விட்டு விலகிவிட்டார்களா என்று கீழே நின்று பார்க்க ஓர் ஆள் இருப்பதற்கு அவை ஈடாகா.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேன் காலையில் இரண்டு ட்ரிப் அடிக்கிறது. முதல் ட்ரிப் எட்டு மணிக்குத் தொடங்கும் பள்ளிக்கு. அதை முடித்துக்கொண்டு திரும்பி வந்து, எட்டே முக்கால் மணிப் பள்ளிக்கான பிள்ளைகளை ஏற்ற வேண்டும். நடுவே ரயில் பாதையையும் ஜி.எஸ்.டி. சாலையையும் இருமுறை கடந்தாக வேண்டும். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது நிதானமாகவே ஓட்டுகிறார். ஆனால் முதல் ட்ரிப்பில் ஒரு வீட்டில் ஐந்து நிமிடம் தாமதமானால், அந்த ஐந்து நிமிடத்தை அடுத்த ட்ரிப்பில் எங்கேனும் பிடித்தாக வேண்டியிருக்கிறது. டிபன் டப்பாவை மறந்துவிட்டு வாசலில் வண்டியை நிறுத்திவைக்கும் பெற்றோருக்கும் இதில் பங்குண்டு.

அவருக்கு உடம்பு சரியில்லாத நாள்களில் ஆக்டிங் டிரைவர் வருகிறார். அன்றைக்கு மேலே பாராட்டிச் சொன்ன எதுவும் வண்டியில் இருப்பதில்லை. வருபவரின் பெயரோ உரிமமோ யாருக்கும் தெரியாது. எந்த வீட்டில் யாரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கைபேசியில் பேசிக்கொண்டே மேம்பாலம் ஏறியதாகப் பிள்ளைகள் வந்து சொன்ன நாளும் உண்டு. இந்தச் சேவையின் பாதுகாப்பு முழுவதும் ஒரு மனிதரின் குணத்தில் நிற்கிறது என்பது அத்தகைய நாளில்தான் தெரிகிறது.

புதிதாகச் சேர்க்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் இட்டுப் பார்க்கலாம். தகுதிச் சான்றும் காப்பீடும் எதுவரை செல்லும் என்பது தெரிந்துவிடும். பதிவாகி எட்டு ஆண்டுகள் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுத்திருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி என்றால் எவ்வளவு குறைந்த கட்டணமானாலும் வேண்டாம். வாடகைக்கு ஓட்டவே அதற்கு அனுமதியில்லை, காப்பீடும் கைகொடுக்காது. மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, ஸ்டூலில் அமர்த்துவதில்லை என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு, இந்த வேனைப் பரிந்துரைப்பேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளைப் பணம் கூடினாலும் ஆயா உள்ள பள்ளிப் பேருந்தில் அனுப்புவதே நல்லது.

எண்ணிக்கையைப் பதினாறுக்குக் குறைத்து ஓர் ஆயாவையும் அமர்த்துவதானால், வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் கூடுதலாக வேண்டும் என்று வேன்காரரே வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார். இதுவரை நான்கு வீடுகள் மட்டுமே சம்மதம் சொல்லியிருக்கின்றன.