கார்புரேட்டர் ரிப்பேர் கிட்: ஊசிக்கு முழு மார்க், கேஸ்கெட்டுக்குப் பாதி

மூன்று சிலிண்டருக்கு மூன்று கார்புரேட்டர் உள்ள நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் இன்ஜின், என்னுடையது. வயது பன்னிரண்டு. அதற்காக இணையத்தில் வாங்கிய ரிப்பேர் கிட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரிஜினல் கிடையாது, 'இந்த மாடலுக்குப் பொருந்தும்' என்று போட்டு விற்கிற வகை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் செய்தால் கறும்புகை. பின்பக்கத் தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். ஐட்லிங்கில், அதாவது வேகம் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, விட்டுவிட்டு உறுமும். சற்று நேரம் மெதுவாக ஓட்டிவிட்டு வேகம் கொடுத்தால், திணறிச் செருமிவிட்டுப் பிறகுதான் இழுக்கும். இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோதுதான் பகீரென்றது. ஆயில் அளவு ஏறியிருந்தது. மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது. இப்படி நீர்த்துப்போன ஆயிலை நம்பி பேரிங்கைச் சுற்றவிட முடியுமா? அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்தினேன்.

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றாமல், "மூணு கார்புரேட்டரையும் மாத்திடுங்க சார்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து நானே கழற்றினேன்.

கிட் வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன்னால் மூன்று பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று மாறாமல் வரிசையாக வையுங்கள். மூன்றும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் மடல்) முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை குளிர்விக்கும் தண்ணீரைத் தடுக்கும் வால்வு) திறந்தபடியே நின்று இன்ஜின் சூடேறாமல் இருக்கலாம். அதற்கு இந்த கிட் உதவாது. ஒன்று மட்டும் கறுப்பு என்றால் சந்தேகம் முதலில் அந்தக் கார்புரேட்டர் மேல்தான். எனக்கு நடு பிளக் அடுப்புக்கரி. விரலால் தொட்டால் வறண்ட கரி அப்பியது. மேலே உள்ளது லேசாகக் கறுத்திருந்தது, கீழே உள்ளது நல்ல வெளிர்பழுப்பு. இருந்தாலும் மனசு கேட்காமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி வெந்நீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். 60 டிகிரியை ஒட்டி ஒழுங்காகத் திறந்தது.

இன்னொரு துப்பும் இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை. எடுத்துப்போகும் வகை டேங்க் வைத்திருக்கிறேன். அதன் காற்றுத் திருகை மூடி, ஹோஸையும் கழற்றாமல் வெயிலில் விட்டுப் போகிற நாட்களில்தான் புகை அதிகம். வெயிலில் டேங்குக்குள் ஆவி அழுத்தம் ஏறி பெட்ரோலைத் தள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை அடைக்கும் ஊசி நன்றாக இருந்தால் அதைத் தடுத்து நிறுத்தும். தேய்ந்த ஊசி வழிவிட்டுவிடும்.

நடு கார்புரேட்டரைத் திறந்ததும் அந்த ஊசியைத்தான் எடுத்தேன். நகக்கண் அளவுகூட இல்லாத கூம்பு முனை. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால், முனையைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு பள்ளம். பன்னிரண்டு வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுந்த தடம். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை எழும்பி, ஊசியைத் தள்ளி அடைக்கும். பள்ளம் விழுந்தால், மிதவை இன்னும் கொஞ்சம் மேலே எழும்பினால்தான் ஊசி அடைக்கும். அதனால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறும். கார்புரேட்டரைக் கவிழ்த்து வைத்து மிதவை உயரத்தை அளந்தேன்; மேனுவலில் உள்ளதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு (கவிழ்த்து அளக்கும்போது உயரம் குறைந்தால், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் அதிகம் என்று அர்த்தம்). மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று காதருகே வைத்து ஆட்டியும் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

இப்போது கிட்டுக்கு வருகிறேன். ஒரு கார்புரேட்டருக்கு ஓர் உறை என்று மூன்று உறை. ஒவ்வொன்றிலும் ஊசி, மிதவைக்கான அச்சு, கிண்ணத்து கேஸ்கெட் (மூடும் இடத்தில் கசியாமல் தடுக்கும் பட்டை), நாலைந்து ஓ-ரிங், ஒரு மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகு). ஊசி அருமை. முனை வழவழப்பு, இருக்கையில் உட்கார்ந்த விதமே தனி. போட்டு அளந்தேன், மிதவை உயரம் மேனுவல் சொன்ன எல்லைக்குள் வந்துவிட்டது. எதையும் வளைக்க வேண்டியிருக்கவில்லை. கவிழ்த்த நிலையிலேயே பெட்ரோல் வரும் முனையில் சுத்தமான ட்யூபைச் செருகி வாயால் ஊதினேன். பழைய ஊசியில் புஸ்ஸென்று போனது, புதியதில் காற்று நகரவே இல்லை. இந்த ஒரு பொருளுக்காகவே காசு தகும்.

ஜெட்டில்தான் ஏமாந்திருப்பேன். இன்ஜினில் இருந்ததில் 110 என்று பொறித்திருக்கிறது, கிட்டில் வந்ததில் 115. இந்த வகை ஜெட்டில் எண் ஏறினால் துளை பெரிது. பெட்ரோல் அதிகம் போகிறது என்று வைத்தியம் பார்க்க வந்தவன், கிட்டில் இருக்கிறதே என்று அதை மாட்டியிருந்தால் இன்னும் அதிகமாக ஊற்றியிருக்கும். பழைய ஜெட்டையே கிளீனர் அடித்து, காற்று ஊதி மாட்டினேன். துளைக்குள் கம்பி விடாதீர்கள், பித்தளை சட்டென்று கீறிவிடும். கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் சாமான்களையெல்லாம் எடுத்துவிடுங்கள், ஊறி உப்பிவிடும்.

கேஸ்கெட்தான் எரிச்சல். மடித்து உறையில் திணித்திருக்கிறார்கள். இரண்டு, ஒரு ராத்திரி புத்தகத்துக்கு அடியில் வைத்தபிறகு வழிக்கு வந்தன. மூன்றாவது பள்ளத்தில் உட்காராமல் ஒரு மூலையில் துருத்திக்கொண்டே நின்றது. திருகை இறுக்கினால் அமுங்கிவிடும் என்று நினைத்து மூடினேன். ஸ்டார்ட் செய்யும் முன் ஹோஸில் உள்ள பல்பை (பெட்ரோலைக் கையால் அமுக்கி ஏற்றும் ரப்பர் குமிழை) அமுக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன். பல்பு கெட்டிப்பட்டதும் அந்த மூலையில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. இன்ஜின் மூடிக்குள் பெட்ரோல் கசிவு என்றால் தீ பிடிக்க வேறென்ன வேண்டும்? மறுபடி கழற்றி, ஒரிஜினல் கேஸ்கெட் ஒன்று தனியாக வரவழைத்துப் போட்டேன். ஒரு நட்சத்திரம் இதற்காகவே போனது, இன்னொன்று ஜெட்டுக்காக. கூட வந்த விளக்கத்தாளில் மிதவை உயரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாதவர்கள் ஆரம்பிக்க வேண்டாம்.

ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, புது பிளக் போட்டு, இதுவரை இருபது மணி நேரம் ஓட்டியாயிற்று. புகை இல்லை. ஐட்லிங் சீராக நிற்கிறது. ஆயில் குச்சியில் அளவு போட்ட இடத்திலேயே இருக்கிறது. நடு பிளக்கும் கீழ் பிளக்கும் இப்போது ஒரே நிறம். மேல் பிளக் மட்டும் இன்னும் ஒரு பொட்டு கருமை காட்டுகிறது. அந்தக் கார்புரேட்டரின் ஐட்லிங் திருகை அடுத்த வாரம் பார்க்க வேண்டும். மூன்று 115 ஜெட்டையும் ஓர் உறையில் போட்டு, மேலே மார்க்கரால் 'மாட்டாதே' என்று எழுதி வைத்திருக்கிறேன்.