மொபைல் ஸ்டார்ட்டர்: எதற்காக வாங்கலாம், எதில் கோட்டை விடுவோம்

நிலமும் வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிற டெல்டாக்காரர்களிடம் நேரமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். உழவு, நடவு, அறுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதையெல்லாம் டிராக்டரும் மிஷினும் ஆளும் வந்து சொன்ன நாளில் முடித்துவிட்டுப் போகிறார்கள். நாளை விழுங்குவது மோட்டார்தான். த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரம் பீடருக்குப் பீடர் (ஊருக்குக் கரண்ட் கொண்டுவரும் லைன்) மாறும், ராத்திரி முறையும் வரும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கடையில், ஆபீஸில் இருப்பவர் பைக்கை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு ஓட வேண்டும். போட்டுவிட்டு வந்தால் நிறுத்த இன்னொரு முறை. நடுவில் கரண்ட் போய் வந்தால் அதற்கு ஒன்று.

இந்த அலைச்சலுக்குத்தான் மொபைல் ஸ்டார்ட்டர். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் தமிழில் குரல் வரும், சொல்கிற எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், நிற்கும். புனேயின் நானோ கணேஷ் இந்த வகையில் முன்னோடிகளில் ஒன்று. இப்போது ஈரோடு, கோயம்புத்தூர் பக்கத் தயாரிப்புகளும் தஞ்சாவூர்க் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன.

வாங்கலாம். ஆனால் “எங்கிருந்தும் போனில் மோட்டார் போடலாம்” என்ற ஒரு வரிக்காக வாங்காதீர்கள். போன் வசதி நடையை மட்டும்தான் மிச்சம் பிடிக்கும். போட்டோமா, நிறுத்தினோமா, தண்ணீர் வருகிறதா என்று மனசு பாதி நாள் கொட்டகையிலேயே கிடக்கும். நேரத்தை உண்மையாகத் திருப்பிக் கொடுப்பவை டைமரும், தண்ணீர் இல்லாமல் சுற்றும் மோட்டாரை நிறுத்தும் ட்ரை ரன் பாதுகாப்பும். இரண்டும் சரியாகச் செட் ஆகிவிட்டால், போனைத் தொடும் வேலையே குறைந்துவிடும்.

டைமருக்கு எத்தனை மணி நேரம் வைப்பது? இங்கேதான் பலர் குத்துமதிப்பாக ஏதோ ஒன்றை வைக்கிறார்கள். முதலில் மோட்டாரின் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம்மைக் குழாய்வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 20 வினாடி என்றால் வினாடிக்கு 10 லிட்டர், மணிக்கு 36,000 லிட்டர். ஒரு மா (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 34,000 லிட்டர் வேண்டும். ஆக அந்த மோட்டாருக்கு மா ஒன்றுக்கு, அங்குலம் ஒன்றுக்கு, சுமார் ஒரு மணி நேரம். நெல்லுக்கு வழக்கமாகச் சொல்லும் 5 சென்டிமீட்டர் என்றால் இரண்டு மணி நேரம். மூன்று மாவுக்கு ஆறு மணி. மண் குடிப்பதும் வாய்க்காலில் ஊறிப்போவதும் தனி. களிமண்ணில் கொஞ்சம், மணல் கலந்த பட்டுக்கோட்டைப் பக்கத்து மண்ணில் நிறைய. முதல் இரண்டு பாய்ச்சலை நேரில் நின்று பார்த்து, அந்தக் கூடுதல் நேரத்தையும் சேர்த்து டைமரில் வைத்துவிடுங்கள்.

என்றைக்குப் பாய்ச்சுவது என்பதற்கும் தினம் வயலுக்கு ஓட வேண்டாம். 30 சென்டிமீட்டர் நீளப் பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை போட்டு, 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகும்படி வரப்போரம் நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம், வயலில் தண்ணீர் நிற்கட்டும். குழாயும் டைமரும் சேர்ந்தால் நித்தம் பார்த்த வேலை வாரத்தில் ஓரிரு நாள் வேலையாகிவிடும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஓடும்போது கரண்ட் போய் வந்தால் டைமர் மீதி நேரத்தை மட்டும் ஓட்டுமா, முதலிலிருந்து தொடங்குமா? சில பெட்டிகள் முதலிலிருந்து தொடங்கும். ஆறு மணி நேரம் வைத்து, ஐந்தாவது மணியில் கரண்ட் ஒரு நிமிஷம் போய் வந்தால், இன்னொரு ஆறு மணி நேரம் தண்ணீர் ஓடும். உரம் போட்ட வயலாக இருந்தால் யூரியாவும் சேர்ந்தே வடிகாலுக்குப் போகும். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல், மேஜையிலேயே டைமரை ஓடவிட்டு, மெயினை நிறுத்திப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆட்டோ. கரண்ட் வந்ததும் தானாக மோட்டார் எடுக்கும் வசதி. இதன் சங்கடம் ஒரு ஊரில் பத்துப் பேர் வாங்கிய பிறகுதான் தெரியும். த்ரீ பேஸ் வந்த அந்த நொடியில் ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள அத்தனை மோட்டாரும் ஒன்றாக எடுக்கும். எடுக்கும்போது ஒவ்வொன்றும் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு ஆம்ப்ஸ் இழுப்பதால் வோல்டேஜ் படுத்துவிடும், பாதிப் பெட்டிகள் லோ வோல்டேஜில் ட்ரிப் ஆகும், சில நேரம் டிரான்ஸ்பார்மர் பியூஸே போகும். பழியை லைன்மேன் தலையில் போடுவோம். கரண்ட் வந்து எவ்வளவு நேரம் கழித்து மோட்டார் எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஆன் டிலே செட்டிங் பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. பக்கத்து போர்வெல்காரர்களோடு பேசி ஒருவர் 1 நிமிஷம், அடுத்தவர் 3, அதற்கடுத்தவர் 5 என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. இதற்கு எலக்ட்ரீஷியன்கூட வேண்டாம்.

ட்ரை ரன் என்பது போர்வெல்லில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றும்போது நிறுத்துவது. தண்ணீர் இல்லாமல் சுற்றும் மோட்டார் குறைந்த ஆம்ப்ஸ்தான் இழுக்கும், பெட்டி அதை வைத்துக் கண்டுபிடிக்கிறது. கடையில் வைத்துக் கொடுத்த அளவை அப்படியே விடாதீர்கள். தண்ணீர் முழுதாக வரும்போது ஓடும் ஆம்ப்ஸை, ஒயரைக் கவ்விப் பார்க்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்து, அதில் 80 சதவீதம் அளவுக்கு ட்ரை ரன் வையுங்கள். 12 ஆம்ப்ஸ் ஓடினால் 9.5 சரியாக இருக்கும். இதைச் சித்திரை வைகாசியில் மறுபடியும் பார்க்க வேண்டும். போர்வெல்லில் மட்டம் இறங்கினால் தண்ணீர் வரத்து குறையும், உள்ளே இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸும் குறையும். தண்ணீர் இருக்கும்போதே பெட்டி ‘தண்ணீர் இல்லை’ என்று நிறுத்திவிடும். குறுவை நாற்றங்கால் நேரத்தில் கடைக்குத் திரும்ப வரும் பெட்டிகளில் நிறைய இந்தக் கோளாறுதான். பெட்டியில் கோளாறே இருக்காது.

மூன்றில் இரண்டு பேஸ் மட்டும் வரும் டூ பேஸ் கரண்டில் கண்டன்சர் வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் ஆட்டோவை மறந்துவிடுங்கள். ஆள் பார்க்க ஓட்டினாலே மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறும் வேலை அது. ஆளில்லாமல் ஓட்டினால் ரீவைண்டிங் செலவு நிச்சயம்.

சிம் விஷயம் சின்னதுதான், தொல்லை பெரிது. பழைய பெட்டிகள் 2ஜி. அவற்றில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் போட வேண்டும். புதிதாக வாங்கினால் 4ஜி பெட்டியாகவே வாங்குங்கள். எந்த கம்பெனி என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், கொட்டகைக்குள் போனை வைத்துச் சிக்னல் பார்த்து முடிவு செய்யுங்கள். தகரக் கொட்டகையானால் ஆன்டெனாவை ஒயரோடு வெளியே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் எந்த சிம்மும் எடுக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் மோட்டாருக்கு வேலை இருக்காது, ரீசார்ஜையும் மறந்துவிடுவோம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணைக் கம்பெனி முடக்கிவிட முடியும். அடுத்த கோடையில் அழைத்தால் பதில் வராது, பெட்டி கெட்டுப்போனதாக நினைத்துக் கழற்றிக் கொண்டுபோவோம். மாதம் ஒரு முறை அந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு, போனில் ரீசார்ஜ் தேதிக்கு ஒரு அலாரம், இவ்வளவுதான் பராமரிப்பு. கரண்ட் வந்தால் போன் அடிக்கும் வசதியை மட்டும் அணைத்து மெசேஜாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரி முறை ஷிப்டில் இரண்டு மணிக்கு வீடே எழுந்து உட்காரும்.

பல்லியையும் எறும்பையும் கேலியாக எடுக்க வேண்டாம். மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் இடுக்கில் பல்லி சிக்கினால் மோட்டார் எடுக்காது, அல்லது எடுத்தது நிற்காது. போனில் ‘நிறுத்தியாச்சு’ என்று குரல் சொல்லும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்திய பிறகும் ஆம்ப்ஸ் எவ்வளவு என்று குரலில் சொல்லும் மாடல் இதற்குத்தான் உதவும். ஒயர் நுழையும் ஓட்டைகளை ரப்பர் கிளாண்டு போட்டு அடைப்பது ஐம்பது நூறு ரூபாய் வேலை. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் காண்டாக்டர் பாயிண்ட் சீக்கிரம் பச்சை பிடிக்கும், வருஷம் ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஆட்டோவை அணைத்துவிட்டு மெயினை இறக்கிவிடுங்கள்.

இந்தப் பெட்டியால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. கொட்டகைக்கு நடந்த காலத்தில் மோட்டாரை மட்டுமா பார்த்தோம்? வரப்பில் நண்டு வளை விழுந்திருக்கிறதா, மடை உடைந்திருக்கிறதா, தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகிறதா என்று காலும் கண்ணும் சேர்ந்து பார்த்தன. போனில் மோட்டார் போட்டால் அதைப் பார்க்க ஆள் கிடையாது. ஆறு மணி நேரம் ஓடி, முழுத் தண்ணீரும் நண்டு வளை வழியாக வடிகாலுக்குப் போன வயல்கள் உண்டு. நடவுக்கு முன் வரப்பை வெட்டி அணைப்பதில் சோம்பல் கூடாது. முடிந்தால் மோட்டாரிலிருந்து வயல் வரை மண் வாய்க்காலுக்குப் பதில் பைப் போட்டுவிடுங்கள். பாய்ச்சல் நாளில் ஒரு நடை போய்த்தான் ஆக வேண்டும். அது பகலில், நம் வசதிப்படி ஒரு நடை. இருட்டில் பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு போன நடை இனி கிடையாது.

ஆள் பாதுகாப்புக்கு ஒரு கட்டாயம்: மோட்டாரில் கை வைக்குமுன் மெயினை இறக்கி, பியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். போனில் நிறுத்தியது நிறுத்தியதாகாது, ஆட்டோவில் இருந்தால் கரண்ட் வந்ததும் எடுத்துவிடும். தொட்டியில் குளிக்க வரும் பிள்ளைகளுக்கும் தெரியும்படி ‘தானாக ஓடும் மோட்டார்’ என்று கொட்டகைச் சுவரில் பெயின்ட்டில் எழுதுங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் கொடுத்து வருகிறது. விண்ணப்பம் முதலில், வாங்குவது பிறகு. முன்னாடியே வாங்கிவிட்டு பில்லைக் கொண்டுபோனால் வேலைக்காகாது. ஏற்கெனவே நல்ல ஸ்டார்ட்டர் இருந்தால் அதோடு இணைக்கும் சின்னப் பெட்டியே போதும், முழு பேனல் தேவையில்லை. எதை வாங்கினாலும் பைபாஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிம், போர்டு எது போனாலும் அந்த ஸ்விட்சைத் திருப்பி, பழையபடி பச்சைப் பட்டனில் மோட்டார் எடுக்க வேண்டும். அது இல்லாத பெட்டி நாற்று வாடும் நேரத்தில் சர்வீஸ்காரர் வரும்வரை காக்க வைத்துவிடும்.