ஓநாய்க்கு ஒரு காரணம் வேண்டும்: ‘ஒன்ஸ் அபான் எ டைம்’ சீட்டுக்கட்டு

தேவதைக் கதைப் பாத்திரங்களைப் புதுசாக வார்த்து, நாலைந்து பேர் சேர்ந்து ரோல்பிளேயாக (ஆளுக்கொரு பாத்திரமாகவே பேசி நடந்துகொள்ளும் ஆட்டமாக) ஒரு கதையை நடத்த நினைக்கும் குழுக்கள் முதல் நாளே ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆளுக்கொரு பாத்திரம் யோசித்து வரச் சொன்னால் நல்ல சூனியக்காரி ஒருத்தி, வாள் சுழற்றும் இளவரசி ஒருத்தி, மனம் திருந்திய ஓநாய் ஒன்று என்று வந்து சேரும். எல்லாமே பழைய பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது, அவ்வளவுதான். அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. இந்தச் சிக்கலுக்கு, ரோல்பிளேக்கென்றே எழுதிய தடித்த விதிநூல்களைவிட இந்தப் பழைய சீட்டுக்கட்டு நன்றாகக் கைகொடுக்கிறது. ஒரே நிபந்தனை, பெட்டியிலுள்ள விதிகளில் பாதியைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

ரிச்சர்ட் லாம்பர்ட், ஆண்ட்ரூ ரில்ஸ்டோன், ஜேம்ஸ் வாலிஸ் ஆகிய மூவர் உருவாக்கி, அமெரிக்காவின் அட்லஸ் கேம்ஸ் 1993-இல் வெளியிட்ட ஆட்டம் இது. இங்கே பார்ப்பது 2012-இல் வந்த மூன்றாம் பதிப்பை. உள்ளே 114 கதைச் சீட்டு, 51 முடிவுச் சீட்டு, ஒரு சிறு விதிப்புத்தகம். ஓமர் ரய்யானின் ஓவியங்கள் பழைய ஐரோப்பியக் கதைப்புத்தகப் பாணியில் இருக்கின்றன. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. படத்தின் மூலையில் இருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து ஒரு பாத்திரத்துக்குக் குணம் கிடைத்துவிடுவது உண்டு. கதைச் சீட்டுகள் பாத்திரம், பொருள், இடம், தன்மை, நிகழ்வு என்று ஐந்து வகை. ஒவ்வொன்றிலும் படமும் ஓரிரு ஆங்கிலச் சொல்லும்தான், அதனால் தமிழில் கதை சொல்லி ஆடுவதற்குத் தடையே இல்லை. முடிவுச் சீட்டில் மட்டும் முழு ஆங்கில வாக்கியம் இருக்கும்.

பெட்டி விதிப்படி ஆட்டம் இப்படிப் போகும். இருவர் ஆடினால் ஆளுக்கு 10 கதைச் சீட்டு, ஆள் கூடக் கூடக் குறைந்து ஆறு பேருக்கு 5. ஆளுக்கொரு முடிவுச் சீட்டை மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கதையைத் தொடங்கி, தன் கையிலிருக்கும் விஷயம் கதையில் வரும்போது அந்தச் சீட்டை இறக்குவார். அவர் வாயில் வந்த சொல் உங்கள் கைச்சீட்டில் இருந்தால் நீங்கள் குறுக்கே புகுந்து கதையைப் பிடுங்கிக்கொள்ளலாம். சில சீட்டுகள் குறுக்கீட்டுக்கென்றே குறி போட்டவை. குறி போட்ட சீட்டு எந்த வகையோ அந்த வகைச் சீட்டை மற்றவர் இறக்கினால், குறிச் சீட்டைப் போட்டு நுழையலாம். பறிகொடுத்தவர் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். 5 விநாடி தடுமாறினாலும் முறை போய்விடும். கதைச் சீட்டெல்லாம் தீர்ந்து, தன் முடிவைப் பொருத்தமாகச் சேர்ப்பவர் வென்றார். மற்றவர்கள் பொருந்தவில்லை என்று சொன்னால் அந்த முடிவு செல்லாது.

கேட்க நன்றாக இருக்கிறது. பெரியவர்கள் ஆடும்போது நடப்பது வேறு. ஜெயிக்க வேண்டுமென்றால் சீட்டைக் கொட்ட வேண்டும். ‘ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு கோட்டை, கோட்டையில் ஒரு வாள்’ என்று ஒரே மூச்சில் நாலு சீட்டை இறக்கிவிடுவார்கள். கதைக்குத் தேவையான ஒன்றாக இருந்தால்தான் சீட்டை இறக்கலாம் என்ற தடை இருக்கிறது, ஆனால் எது தேவை என்று அளப்பது யார்? வாக்கியத்துக்கு ஒரு சீட்டுதான் என்று கறாராகப் பிடித்தால் பாதி சரியாகும். மீதிப் பாதியைச் சரிசெய்ய முடியாது: கதை கைமாறிக்கொண்டே இருப்பதால் எந்தப் பாத்திரமும் யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் பொறுமையாகக் கட்டிய ஓநாயை அடுத்தவர் ஒரே வரியில் கிணற்றில் தள்ளிவிடலாம். சீட்டாட்டத்தில் அது வேடிக்கை. ரோல்பிளேயில் அதுவே சண்டை.

அதனால் ரோல்பிளே குழுக்களுக்கு இந்தக் கட்டு ஆட்டத்துக்கு முந்தைய வேலைக்குத்தான் பயன்படும். முதலில் கதைச் சீட்டுகளை ஐந்து வகையாகப் பிரித்து ஐந்து அடுக்காகக் குப்புற வையுங்கள். குறுக்கீட்டுக் குறியைக் கண்டுகொள்ள வேண்டாம், அவற்றையும் சாதாரணச் சீட்டாகவே சேர்த்துவிடலாம். ஒவ்வொருவரும் பாத்திரம் 2, தன்மை 2, பொருள் 1, இடம் 1 எடுக்கட்டும். பாத்திரம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதைத் திருப்பி வைக்கலாம். தன்மை இரண்டையும் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டாயம்தான் முக்கியம். பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாரும் பழகிய தடத்துக்கே திரும்பிவிடுவார்கள். தூங்குவது ஒன்று, மாறுவேடம் ஒன்று என்று ஒட்டாத இரண்டு தன்மை ஒரே மாற்றாந்தாய் மேல் வந்து விழும்போதுதான் மூளை வேலை செய்யத் தொடங்கும்.

அடுத்து, மூலக்கதையைத் தேட வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் கார்ட்டூனில் பார்த்ததோடு நின்றுவிடுகிறார்கள். பழைய பதிப்புகளில் கிடைப்பது இன்னும் முரடான சரக்கு. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் வேட்டைக்காரனே கிடையாது. ஓநாய் சிறுமியைத் தின்றதோடு கதை முடிந்தது. ஸ்நோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பவள், ஜெர்மானியக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். மாற்றாந்தாய்ச் சீட்டு உங்களுக்கு வந்திருந்தால், உண்மையில் தாயான ஒருத்தியை ஊரே மாற்றாந்தாய் என்று சொல்லத் தொடங்கிவிட்டது என்று வைத்துப் பாருங்கள். யார் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள், அவள் மறுக்கிறாளா? இரண்டு மூன்று இரவு ஆடுவதற்கு இதுவே போதும்.

புதுசாக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான்: பாத்திரம் செய்வதை மாற்றாதீர்கள், செய்வதற்கான காரணத்தை மாற்றுங்கள். ஓநாய் வழியில் நிறுத்திக் கேள்வி கேட்கும், அடுத்தவர் உடுப்பைப் போட்டுக்கொள்ளும், படுக்கையில் காத்திருக்கும். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நாய். மூன்றையும் வைத்துக்கொண்டு, காணாமல் போகிறவர்களைத் தேடும் காவல்காரனாக அதை ஆக்கலாம். அப்போதும் கதை தெரிந்தவர்களுக்கு முதுகு சில்லென்று இருக்கும்.

தவளைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு பாத்திரத்தை முழுசாகக் கட்டிப் பார்க்கலாம். கூட வந்தவை சிறைச்சாலை, சாவி, மாறுவேடம், சோகம் என்று வைத்துக்கொள்வோம். மூலம் கிரிம் தொகுப்பின் முதல் கதையான தவளை ராஜா. அதில் இளவரசி தவளைக்கு முத்தம் கொடுப்பதில்லை, எரிச்சலில் சுவரில் அடிக்கிறாள். கதையின் கடைசியில் பலரும் மறந்துவிடும் ஒருவன் வருகிறான்: ராஜகுமாரனின் வேலைக்காரன் ஹைன்ரிஹ். எஜமான் தவளையான துக்கத்தில் நெஞ்சு வெடித்துவிடக் கூடாதென்று மூன்று இரும்புப் பட்டைகளை நெஞ்சைச் சுற்றி அடித்துக்கொண்டவன். வீடு திரும்பும் வழியில் பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன; வண்டிதான் உடைகிறது என்று ராஜகுமாரன் நினைக்கிறான்.

ஆக, தவளையை விட்டுவிட்டு ஹைன்ரிஹை எடுங்கள். சோகம் அவனுக்கு அப்படியே பொருந்துகிறது. மாறுவேடம்: எஜமான் இல்லாத காலத்தில் எஜமானின் உடுப்பில் அரசாண்டவன் இவனே. சிறைச்சாலை: தவளை கிடந்த கிணறு. சாவி இவனிடமே இருந்தது, திறக்கவில்லை. மூன்று பட்டைகளைத் தாளில் மூன்று கட்டமாக வரைந்துகொள்ளுங்கள். மேசையில் இவன் ஒரு உண்மையை வாய்விட்டுச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் அடிபடும், எல்லாருக்கும் சத்தம் கேட்கும். மூன்றாவதும் போனால் இவன் யாருக்கும் வேலைக்காரன் இல்லை. அன்றிலிருந்து மற்றவர்கள் இவனிடம் எதையும் ஏவ முடியாது. பகடை தேவையில்லை, எண் தேவையில்லை. பழைய கதையில் இருந்த ஒரு பொருளே விதியாகிவிட்டது. நல்ல மறுவார்ப்புக்கு இதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

பாத்திரத் தாளில் மூன்று வரிக்கு மேல் எழுத விடாதீர்கள்: என்ன வேண்டும், எதை மறைக்கிறது, மேசையில் இருக்கும் இன்னொரு பாத்திரத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறது. மூன்றாவது வரி இல்லாத குழுவில் நாலு பேரும் நாலு மூலையில் சோகமாக நின்றுகொண்டு தனித்தனியே வசனம் பேசுவார்கள். கடன் வரியை எழுதுபவர் எதிராளியின் சம்மதத்தோடு எழுத வேண்டும். இடப்பக்கம் இருப்பவருக்குக் கடன் என்று வட்டமாக வைத்துக்கொண்டால் யாரும் விடுபட மாட்டார்கள். நாலு பேருக்கு இந்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொரு வழக்கமான கோளாறு: எல்லாரும் அநியாயம் இழைக்கப்பட்ட வில்லனாகவே வருவது. சூனியக்காரிக்குச் சோகக்கதை, ராட்சதனுக்குச் சோகக்கதை, மாற்றாந்தாய்க்கும் சோகக்கதை என்றால் மேசையில் தப்பு செய்ய ஆளே இல்லை, கதை நகராது. ஒரு குழுவுக்கு அப்படி ஒருத்தர் போதும். ஒருவராவது, கெட்டிக்காரத்தனமாக எதையும் மாற்றாமல், இளவரசனை இளவரசனாகவே ஆடட்டும். சுற்றியிருப்பவர்கள் மாறியிருக்கும்போது மாறாத அவன்தான் சீக்கிரமே விநோதமாகத் தெரிவான்.

முடிவுச் சீட்டுகளை வீணாக்க வேண்டாம். ஆளுக்கு 2 கொடுத்து ஒன்றை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜெயிப்பதற்கான சீட்டாக இல்லாமல், தன் பாத்திரம் ஆழ்மனதில் விரும்புவதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் எடுக்காமல் கதையை நடத்துபவர் அதைப் பார்க்கக் கூடாது. எந்த இரவில் யாருடைய வாக்கியம் இயல்பாக நடந்துவிடுகிறதோ அங்கே அந்தப் பாத்திரத்தின் கதை முடிந்தது. அவர் சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுப் புதுப் பாத்திரம் எடுக்கலாம். வாக்கியங்களில் ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்கள்’ என்று வருவதை மாற்றிக்கொள்ளலாமா என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் வழக்காடுவார்கள். சாபம் நீங்கியது போன்ற பொதுவான முடிவுகள் எளிதில் பொருந்திவிடும் என்பதால் சுவாரஸ்யம் குறைவு. ஒரு குறிப்பிட்ட பொருளையோ வாக்கையோ சுட்டும் முடிவுகளைப் பொறுக்கி ஒரு 20 வைத்துக்கொண்டால் போதும், மற்றவற்றைப் பெட்டியிலேயே விடலாம்.

குறை என்று பார்த்தால், உலகம் முழுக்க மேற்கு ஐரோப்பாதான்: கோட்டை, காடு, ராஜா, ராணி. பெரோ, கிரிம் எல்லைக்குள் ஆடுபவர்களுக்கு அது சரியான அளவு. வேறு மண்ணின் கதைகளுக்குக் கட்டு தானாக வளையாது. அட்லஸ் கேம்ஸ் வெற்றுச் சீட்டுகளைக் கொண்ட ஒரு விரிவாக்கத்தை (கூடுதல் சீட்டுக்கட்டை) வெளியிட்டிருக்கிறது. அதில் சொந்தமாக எழுதிச் சேர்க்கலாம். எழுதும்போது எந்த ஒரு கதையையும் தனியாகச் சுட்டாத, ஓரிரு சொல்லில் அடங்கும் விஷயங்களாக எழுதுங்கள். ‘பேசும் கிளி’ என்பதைவிடக் கிளி தனி, பேச்சு தனி என்று பிரித்தால் இரண்டு சீட்டுக்கும் ஆயுள் அதிகம்.

‘டார்க் டேல்ஸ்’, ‘சீஃபேரிங் டேல்ஸ்’ போன்ற மற்ற விரிவாக்கங்களை முதலிலேயே வாங்க வேண்டாம். இருட்டும் கடலும் ஒரு குறிப்பிட்ட கதைக்கு வேண்டும் என்று முடிவான பிறகு வாங்கினால் போதும். பழைய பதிப்பின் விரிவாக்கம் மலிவாகக் கிடைத்தால் சீட்டின் பின்பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். பின்பக்கம் வேறுபட்டால் குப்புற வைத்த அடுக்கில் எது எந்தக் கட்டு என்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டே பேர் ஆடுவதாக இருந்தால் இந்தப் பெட்டியே வேண்டாம், கடன் வட்டம் இரண்டு பேரில் நிற்காது. நாலு அல்லது ஐந்து பேர், அதில் ஒருவர் நடத்துபவர் என்றால் தாராளமாக வாங்கலாம்.