ராவா, ஜேபெக்கா? கல்யாண வெளிச்சத்தில் ஒரு ஒப்பீடு

2013-இல் தம்பி கல்யாணத்துக்கு நானும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருந்தார். இருந்தாலும் வீட்டு ஆள் எடுக்கும் படம் வேறு மாதிரி இருக்கும் என்று அம்மா ஆசைப்பட்டாள். முதல் நாள் மாலை வரவேற்பு. மண்டபம் முழுக்க மஞ்சள் பல்பு. வெளிச்சத்தின் நிறம் எதுவானாலும் வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் அமைப்புதான் ஒயிட் பேலன்ஸ். அதைப் பல்பு வெளிச்சத்துக்கு வைத்து எடுத்தேன், படங்கள் நன்றாகவே வந்தன. மறுநாள் காலை ஆறு மணிக்குமேல் முகூர்த்தம், கோயிலில், நாலுபுறமும் திறந்த கல்மண்டபத்தில். தம்பி முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டையும் அக்கா போட்டாள். கூட்டத்துக்குள் முழங்காலிட்டு அக்காவின் விரல்களையும் மஞ்சள் கயிற்றையும் நெருக்கத்தில் பிடித்தேன். முப்பது படமாவது இருக்கும். முந்தின இரவு வைத்த அமைப்பை மாற்ற மறந்துவிட்டேன். அத்தனையும் நீலம்.

எல்லாம் ஜேபெக், அதாவது கேமராவே முடித்துத் தரும் படக் கோப்பு. அன்றிரவே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நீலத்தைக் குறைத்துப் பார்த்தேன். நிழல் பகுதி சரியாக வந்தது. ஆனால் வேட்டியில் வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் பூத்தது. அங்கே நீலம் ஏற்கெனவே ஜேபெக்கின் உச்ச எண்ணான 255-ஐ முட்டி நின்றுவிட்டது. அதற்குமேல் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு கோப்பிலேயே இல்லை. சிவப்பை ஏற்றினால் அக்காவின் கன்னத்தில் திட்டுத்திட்டாக வந்தது. அன்றைக்குத்தான், கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் ரா கோப்பு பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு வீட்டு விசேஷம் எதையும் நான் ஜேபெக்கில் மட்டும் எடுத்ததில்லை. எனவே நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரா பக்கம்.

இரண்டும் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஒளியைப் பதியும் கேமரா சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி இருக்கிறது: பாதிப் புள்ளிகளில் பச்சை, கால்வாசியில் சிவப்பு, கால்வாசியில் நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த அடுக்குமுறைதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அந்தப் புள்ளிகள் ஒளியை எண்ணிய எண்ணிக்கையை ஏறக்குறைய அப்படியே எழுதி வைப்பது ரா. 14 பிட் கோப்பு என்றால் ஒரு புள்ளிக்கு 16,384 படிகள். அதே எண்ணிக்கையைக் கேமராவே கலந்து, ஒயிட் பேலன்ஸ் போட்டு, கான்ட்ராஸ்ட் ஏற்றி, கூர்மையாக்கி, 8 பிட்டுக்குச் சுருக்கி, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் விவரங்களைத் தூக்கிப்போட்டுத் தருவது ஜேபெக். அதில் ஒரு நிறத்துக்கு 256 படிதான்.

ஜேபெக்கின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. கோப்பு சிறியது, எந்தப் போனிலும் திறக்கும், தாலி கட்டின பத்தாவது நிமிடம் வாட்ஸாப்பில் போய்விடும். தொடர்ந்து சுடும்போது கேமரா சீக்கிரம் மூச்சு வாங்காது. ஃபியூஜிஃபில்ம் கேமராக்களின் கிளாசிக் குரோம், வெல்வியா மாதிரியான நிறங்களை விரும்பி ஜேபெக்கிலேயே நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படங்களைப் பார்த்தால் மறுத்துப் பேச மனம் வராது. செய்தித் துறையில் கதையே வேறு. ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்பாதீர்கள், கேமராவில் ஜேபெக்காகவே எடுத்ததை அனுப்புங்கள் என்று ராய்ட்டர்ஸ் தன் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம் 2015-இல் சொன்னது. வேகமும் வேண்டும், படம் நடந்ததை ஒட்டியும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

ஆனால் நம் கல்யாண வெளிச்சத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். மண்டபத்தின் பல்பு ஏறக்குறைய 3,000 கெல்வின். குத்துவிளக்குச் சுடர் 2,000-ஐ ஒட்டி. இடப்பக்க ஜன்னலில் இறங்கும் பகல் 5,500-க்கு மேல். போதாததற்கு வீடியோக்காரர் பிடித்திருக்கும் எல்இடி பலகை. மணமகள் ஜன்னல் பக்கம் திரும்பினால் ஒரு நிறம், ஐயர் பக்கம் திரும்பினால் இன்னொரு நிறம். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முடிவு எடுக்கும். சட்டகத்துக்குள் சிவப்புப் புடவை அதிகம் வந்தால் அதை ஈடுகட்டப் பார்க்கும், முகம் வெளிறும். ஒரே நலங்கில் எடுத்த நாற்பது படத்தில் நாற்பது விதமான தோல் நிறம் வருவது இப்படித்தான்.

ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது கோப்போடு ஒட்டியிருக்கும் ஒரு குறிப்பு மட்டும்தான். சிவப்பை இத்தனை மடங்கு, நீலத்தை இத்தனை மடங்கு பெருக்கிக்கொள் என்ற இரண்டு எண். வீட்டுக்கு வந்து அந்த எண்ணை மாற்றினால் படத்துக்கு ஒரு சேதமும் இல்லை. நாற்பதில் ஒன்றைச் சரிசெய்து மற்ற முப்பத்தொன்பதுக்கும் அதையே ஒட்டலாம். பாதி முகத்தில் பல்பும் பாதி முகத்தில் பகலும் விழுந்தால், பல்பு பட்ட பாதியை மட்டும் தேர்ந்து மஞ்சளைக் குறைக்கலாம். ஜேபெக்கிலும் இந்த வேலையைச் செய்யப் பார்க்கலாம்தான். கொஞ்சம் தள்ளினால் தாங்கும். பல்புக்கு வைத்ததைப் பகலுக்குக் கொண்டுவரும் அளவுக்குத் தாங்காது என்பதை அக்காவின் கன்னம் எனக்குக் காட்டிவிட்டது.

அடுத்தது சிவப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் ராவுக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்று நினைக்கிறேன். 2017-இல் சித்தப்பா மகள் கல்யாணத்தில் ஒவ்வொரு படமும் ராவாகவும் ஜேபெக்காகவும் பதிகிற மாதிரி வைத்திருந்தேன். அரக்குக் கூறைப்பட்டைக் கட்டிக்கொண்டு அவள் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். அந்த ஒரே படத்தின் இரண்டு கோப்பையும் அருகருகே திறந்து பார்த்தேன். ஜேபெக்கில் புடவை வெறும் சிவப்புப் பூச்சு. மடிப்பு எங்கே, முந்தானை எங்கே என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக அளந்தால் பெரும்பாலான இடத்தில் சிவப்பு 255. ஜரிகை வெளிறிய மஞ்சள் பட்டையாக ஓடியது. ராவில் ஒவ்வொரு மடிப்புக்கும் அதனதன் நிழல் இருந்தது. உடலும் கரையும் சேரும் கோர்வை ரம்பப் பல் மாதிரி தெரிந்தது.

காரணம் எளிது. பகல் வெளிச்சத்தில் சென்சாரின் சிவப்புப் புள்ளிகள் பச்சையைவிடக் குறைவாகவே நிரம்புகின்றன. கேமரா ஜேபெக் தயாரிக்கும்போது அந்தச் சிவப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருக்கி, அதன்மேல் நிறத்தைத் தூக்கிக்காட்டும் வேலையையும் செய்கிறது. கூறைப்பட்டு, குங்குமம், செவ்வந்தி மாலை எல்லாம் அந்த இடத்தில்தான் 255-ஐ முட்டி விவரம் இழக்கின்றன. ராவில் பெருக்குவதற்கு முந்தைய எண் இருப்பதால் விவரம் தங்கியிருக்கிறது. எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று கேமரா பின்திரையில் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துத்தான் போடப்படுகிறது. அதில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் வகையைப் பார்ப்பது நல்லது.

ராவையும் ரொம்ப நம்பிவிடக் கூடாது. பல்பு வெளிச்சமே சிவப்பு மிகுந்தது. அதில் அரக்குப் பட்டு வந்தால் ராவிலேயே சிவப்பு முட்டிவிடும். நான் அரை ஸ்டாப்புக்குமேல் எக்ஸ்போஷரைக் குறைத்து, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியைக் குறைத்து எடுக்கிறேன் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். மேடையில் ஊதா எல்இடியைப் போட்டுவிட்டால் எந்தக் கோப்பும் தோல் நிறத்தைத் திருப்பித் தராது. அந்த வெளிச்சத்தில் இல்லாத நிறம் சென்சாருக்கு எங்கிருந்து வரும்? மண்டபக்காரரிடம் அதை அணைக்கச் சொல்வதுதான் வழி. கேட்டால் பெரும்பாலும் அணைக்கிறார்கள்.

செலவு இல்லாமல் இல்லை. என் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஏறக்குறைய 28 எம்பி, ஜேபெக் 9 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் என்றால் 56 ஜிபி எங்கே, 18 ஜிபி எங்கே. அதை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைக்க வேண்டும். பணத்தைவிட நேரம்தான் அதிகம் கேட்கிறது: சித்தப்பா மகள் கல்யாணப் படங்களை முடிக்க மூன்று சனி ஞாயிறு ஆனது. ராவைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமுக்குச் சந்தா கட்ட வேண்டும். அதே வேலையைச் செய்யும் டார்க்டேபிள் இலவசம், பழக நாளாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராவுக்கு மாறின முதல் ஆறு மாதம் நான் உருவாக்கிய படங்கள் கேமரா தந்த ஜேபெக்கைவிட மோசமாக இருந்தன. ரா திறந்தவுடன் சோகையாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு விட்டுப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். தோல் நிறம் எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டையும் சேர்த்தே எடுத்தால் என்ன? ஓராண்டு அப்படி எடுத்தேன். கார்டு சீக்கிரம் நிறைகிறது, வேண்டாத படங்களைக் கழிக்கும்போது ஒவ்வொன்றையும் இரண்டு முறை கழிக்க வேண்டியிருக்கிறது. இப்போது ரா மட்டும். யாராவது உடனே படம் கேட்டால், கேமராவுக்குள்ளேயே ஒரு ராவை ஜேபெக்காக மாற்றும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது, என்னுடையதிலும் உண்டு. அதைச் செய்து போனுக்கு அனுப்பிவிடுகிறேன். விளையாட்டுப் போட்டிகள் எடுத்து எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே நாளெல்லாம் சரமாக எடுப்பவர்கள் ஜேபெக்கில் நின்றால் அதை மறுக்கும் அனுபவம் எனக்கில்லை. போனில் எடுக்கும் ராவையும் சில மாதம்தான் பார்த்திருக்கிறேன். குழந்தை பிறந்தநாள், பிள்ளைகளின் பள்ளி விழா, நல்ல பகலில் ஒரு சுற்றுலா என்றால் ஜேபெக் தாராளமாகப் போதும். கல்யாணம், கும்பாபிஷேகம், வளைகாப்பு மாதிரி, வெளிச்சம் நம் கையில் இல்லாமலும் இன்னொரு முறை நடக்காமலும் இருப்பவற்றுக்கு ராவைத்தான் சொல்வேன்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது ஒன்று உண்டு. அதே 2017 கல்யாணத்தில் முந்தின ராத்திரி பாட்டி நலங்கு வைத்தாள். இரண்டு குத்துவிளக்கும் ஓரத்தில் ஒரு பல்பும்தான் வெளிச்சம். குறைந்த ஒளியிலும் படம் வர, கேமராவின் உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400-க்கு ஏற்றி எடுத்தேன். பாட்டியின் புடவை முழுக்க மணல் தூவின மாதிரி இருந்ததால் அப்போது பிரிண்ட் போடவில்லை. 2023-இல் லைட்ரூமில் இந்த மணலை நீக்கும் புதிய டீநாய்ஸ் வசதி வந்தபோது அது ரா கோப்புக்கு மட்டும்தான் வேலை செய்தது. ஹார்ட் டிஸ்க்கில் தேடி அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். மணல் போய், பாட்டியின் விரல் நுனியில் ஒட்டியிருந்த சந்தனம் வரைக்கும் வந்தது. 12×18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டியின் புடவைக் கரையை ரொம்ப நேரம் பார்த்தாள். "கரையில மயில்சக்கரம்டா இது. நான் கோபுரம்னே நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

அந்தப் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறாள். பக்கத்தில் 2013-இல் அவள் முடிச்சுப் போட்ட படம். அதன் நீலத்தை எடுக்க வேறு வழி தெரியாமல் கறுப்பு வெள்ளையாக்கித்தான் கொடுத்திருந்தேன்.